எர்ன்ஸ்ட் பார்லாக்: வீரம் காட்டாத போர் நினைவுச் சின்னங்கள்

மரவெட்டி:

நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தியவர்களைப் பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம் ஓவியர்கள் பெயர்தான் அடிபடுகிறது. சிற்பிகள் பக்கம் யாரும் போவதில்லை. எனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றிப் பேசவே இந்த இழை. எர்ன்ஸ்ட் பார்லாக்.

முதலில் ஆளைப் பற்றி. 1870 ஜனவரி 2 அன்று, ஹாம்பர்க் பக்கத்தில் எல்பே ஆற்றங்கரையில் இருக்கும் வேடெல் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா மருத்துவர். 1884-இல் அவர் இறந்துபோக, அம்மா நான்கு பையன்களை வளர்த்தார். மூத்தவர் இவர். ஹாம்பர்க்கில் தொழிற்கலைப் பள்ளி, அப்புறம் ட்ரெஸ்டன் கலைக்கழகம், அதன்பின் பாரிஸ். இவ்வளவு படித்தும் 35 வயதுவரை உருப்படியாக ஒன்றும் அமையவில்லை. மட்பாண்டப் பள்ளியில் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார், பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தார், பூவும் கொடியுமாக அந்தக் காலத்து அலங்காரப் பாணியில் எதையெதையோ செய்துகொண்டிருந்தார். அந்தக் காலத்து வேலைகளைப் பார்த்தால் 'இவரா அவர்' என்று தோன்றும்.

1906-இல் திருப்பம். தம்பி ஒருவர் கார்கிவ் நகரில் வேலை பார்த்தார். அன்று அது ரஷ்யப் பேரரசு, இன்று உக்ரைன். அவரைப் பார்க்கப் போன பார்லாக் சுமார் இரண்டு மாதம் அந்தப் பக்கம் சுற்றினார். பரந்த வெட்டவெளி, அதில் கனத்த துணியைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் குடியானவர்கள், பிச்சைக்காரர்கள். திரும்பி வந்ததும் அவர் கை மாறிவிட்டது. உடம்பின் தசை, எலும்பு என்று தனித்தனியாகச் செதுக்குவதை விட்டுவிட்டார். போர்த்திய துணியே உடம்பு என்று ஆகிவிட்டது. பெரிய மடிப்புகள், உருண்ட விளிம்புகள், அதற்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் முகமும் கையும். கடைசிவரை அவருடைய முத்திரை அதுதான்.

பெர்லின் கலை வணிகர் பவுல் காஸிரர் மாதப்பணம் கொடுத்து ஆதரித்தார். 1910-இல் மெக்லன்பர்க்கில் உள்ள குஸ்ட்ரோ என்ற ஊரில் அம்மாவோடும் மகனோடும் குடியேறினார். தலைநகரங்களில் பெயர் பரவிய பிறகும் அந்தச் சின்ன ஊரை விட்டு நகரவில்லை. நாடகமும் எழுதினார். 1924-இல் கிளைஸ்ட் பரிசு கிடைத்தது நாடகத்துக்காகத்தான்.

இனி நான் பேச வந்த விஷயம். 1927-இலிருந்து 1931-க்குள் நான்கு ஊர்களில் நான்கு பெரிய பொதுச் சிற்பங்கள் வைத்தார். குஸ்ட்ரோ, கீல், மாக்டெபுர்க், ஹாம்பர்க். 1938 முடிவதற்குள் நான்கும் தம் இடத்தில் இல்லை. இன்று நான்கும் திரும்ப வந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக. இதைப் பற்றிப் பேசலாமா?


கடைசிபெஞ்ச்:

பேசலாம் அண்ணா. பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். படம் தேடிப் பார்த்தேன், ஒரு ஆள் காற்றில் படுத்திருக்கிறார். அது சிலையா, சர்க்கஸா?


மரவெட்டி:

சர்க்கஸ் இல்லை தம்பி. அதுதான் குஸ்ட்ரோ சிற்பம். ஜெர்மனில் 'டெர் ஷ்வேபெண்டே', நாம் 'மிதப்பவர்' என்று வைத்துக்கொள்ளலாம்.

குஸ்ட்ரோ பேராலயத்தின் 700-ஆம் ஆண்டு விழா நெருங்கியபோது, முதல் உலகப் போரில் இறந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று அங்கே போதகராக இருந்த யோஹான்னஸ் ஷ்வார்ட்ஸ்கோஃப் பார்லாக்கிடம் கேட்டார். பார்லாக் தன் உழைப்புக்குக் காசு வாங்கவில்லை. வார்ப்புச் செலவை மட்டும் கொடுங்கள் என்றார். 1927-இல் வைத்தார்கள்.

வெண்கலம். இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம். கூரையிலிருந்து சங்கிலியில், தரைக்குக் கிடையாக, கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு மேலே தொங்குகிறது. நீண்ட அங்கி, மார்பின் மேல் குறுக்காக மடித்த கைகள், மூடிய கண்கள், மூடிய வாய். இறக்கை கிடையாது. கீழே தரையில் ஒரு கல், அதில் 1914–1918 என்று மட்டும். யார் பெயரும் இல்லை, 'தாய்நாட்டுக்காக' என்ற சொல் இல்லை, வாள் இல்லை, சிங்கம் இல்லை, கழுகு இல்லை.

அன்று ஜெர்மனி முழுக்க ஊருக்கு ஊர் போர் நினைவுச் சின்னங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. பெரும்பாலானவற்றில் இரும்புத் தொப்பி அணிந்த சிப்பாய் நெஞ்சை நிமிர்த்தி நிற்பான், அல்லது அழகாகச் செத்துக் கிடப்பான். தோற்றோம் என்பதை ஒத்துக்கொள்ளாத சின்னங்கள் அவை. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இப்படி ஒன்று, எதிரி யார் என்றே சொல்லாமல். முன்னாள் படைவீரர் சங்கங்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை. யூதர், ஸ்லாவ் என்று பார்லாக்கைப் பற்றி வதந்திகள் கிளம்பின. வடஜெர்மன் மருத்துவர் வீட்டுப் பிள்ளை அவர்.


அல்லிக்குளம்:

மரவெட்டி, அந்த முகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. அது கேத்தே கோல்விட்ஸின் முகம், அவரும் ஒரு ஜெர்மன் கலைஞர், சிற்பி.

பார்லாக் திட்டமிட்டு அப்படிச் செய்யவில்லை. அந்த முகம் தானாக உள்ளே வந்துவிட்டது, வேண்டுமென்றே முயன்றிருந்தால் வந்திருக்காது என்ற பொருளில் பிறகு சொல்லியிருக்கிறார். நம்பலாம் என்றுதான் நினைக்கிறேன். இருவருக்கும் நெருங்கிய பழக்கம் என்று சொல்ல முடியாது. அவர் பெர்லினில், இவர் குஸ்ட்ரோவில். ஆனால் ஒருவர் வேலையை மற்றவர் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். 1919-இல் இருவரும் பிரஷ்ய கலைக்கழகத்துக்குத் தேர்வானார்கள். அங்கே தேர்வான முதல் பெண் கோல்விட்ஸ்.

அந்த முகம் ஏன் பொருந்துகிறது என்றால், கோல்விட்ஸின் சின்ன மகன் பீட்டர் 1914 அக்டோபரில், போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், பெல்ஜியத்தில் இறந்தான். பதினெட்டு வயது. தானாக முன்வந்து சேர்ந்தவன். வயது போதாததால் அப்பாவின் சம்மதம் தேவைப்பட்டது. அப்பா மறுத்தார், அம்மாதான் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். அந்தக் குற்றவுணர்வோடு பல வருடம் போராடி, 1932-இல் மண்டியிட்ட தாய், தந்தை என்று இரண்டு கற்சிலைகளைப் பெல்ஜியத்துக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார். இன்று அவை வ்லாட்ஸ்லோவில் இருக்கின்றன. அப்பா தன்னைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து மண்டியிட்டிருப்பார், அம்மா குனிந்திருப்பார். இரண்டு பேரும் ஒட்டி இல்லை, நடுவே இடைவெளி. துக்கத்தில் கணவனும் மனைவியும்கூடத் தனித்தனிதான் என்று எனக்குப் படும்.

பார்லாக் 1938 அக்டோபர் 24 அன்று ரோஸ்டாக்கில் ஒரு மருத்துவமனையில் இறந்தபோது, 71 வயது கோல்விட்ஸ் குஸ்ட்ரோவுக்கு வந்து, சவப்பெட்டியில் கிடந்தவரை வரைந்தார். அதன்பின் அவர் செய்த சின்னப் புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. தன் முகம், அதில் பாதியையும் வாயையும் மூடும் தன் கைகள். பார்லாக்குக்கான புலம்பல் அது. அவர் சிற்பத்தில் இவர் முகம் வந்தது, இவர் அஞ்சலியிலும் இவர் முகமேதான்.


கடைசிபெஞ்ச்:

அக்கா, இதைப் படித்ததும் அந்தப் பறக்கும் ஆளைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். கிண்டல் அடித்ததை வாபஸ் வாங்குகிறேன்.


பரணிக்கரை:

எல்லாம் சரி. ஆனால் இந்த மாதிரி இழைகளில் ஒரு வழக்கம் உண்டு. நாஜிகள் ஒருவரை ஒதுக்கினார்கள் என்றால் அவர் உடனே போராளி ஆகிவிடுவார். பார்லாக் விஷயத்தில் இரண்டு செய்திகளை யாரும் இன்னும் எடுக்கவில்லை, நான் எடுக்கிறேன்.

ஒன்று, 1914. போர் தொடங்கியதும் இவர் புல்லரித்துப்போனார். காஸிரர் நடத்திய போர்க்கால இதழுக்குப் படம் வரைந்தார். ஓங்கிய வாளோடு முன்னே பாய்ந்து ஓடும் ஒரு மனிதன், பெயர் 'புனிதப் போர்'. அதே உருவத்தைச் சிற்பமாகவும் செய்தார், 'பழிவாங்குபவன்'. சிற்பமாக அது அபாரம், மறுக்கவில்லை. ஆனால் சமாதானச் சிற்பி என்ற பட்டத்துக்கு இது ஒத்துவருமா?

இரண்டு, 1934. ஹிண்டன்பர்க் செத்ததும் குடியரசுத் தலைவர் பதவியையும் ஹிட்லரே எடுத்துக்கொள்ள, ஆகஸ்ட் 19 அன்று பொதுவாக்கெடுப்பு. அதற்கு முந்தைய நாள் நாஜி நாளிதழில் கலைஞர்களின் ஆதரவு அறிக்கை. கையெழுத்திட்டவர்களில் எர்ன்ஸ்ட் பார்லாக்கும் ஒருவர். பக்கத்தில் ஓவியர் எமில் நோல்டே, கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே, இசை நடத்துநர் ஃபுர்ட்வாங்லர். நோல்டேவாவது கட்சிக்காரர், உள்ளபடி நம்பினார். பார்லாக்குக்கு என்ன நிர்ப்பந்தம்?

அவர் சிற்பங்களை நானும் ரசிக்கிறேன். ஆனால் ஆளைத் தூக்கிக் கொண்டாடுவதற்கு முன் இதையும் மேசையில் வையுங்கள்.


மரவெட்டி:

பரணிக்கரை ஐயா, இரண்டும் உண்மை. தனித்தனியாகப் பார்ப்போம்.

1934 கையெழுத்தை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. சூழலைச் சொல்கிறேன். அதற்குள் வேலை வாய்ப்புகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தன. 'கலாச்சார போல்ஷ்விக்' என்ற வசை அவர் மேல் ஒட்டியிருந்தது. கையெழுத்துப் போட்டால் அது கழன்றுவிடும் என்று கணக்குப் போட்டார். கணக்கு தப்பியது. அடுத்த மாதமே மாக்டெபுர்க் சிற்பத்தைத் தூக்கினார்கள். அப்புறம் அவர் ஓவியங்கள் அடங்கிய புத்தகத்தைப் போலீஸ் பறிமுதல் செய்தது. 1937-இல் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய சுமார் 400 படைப்புகளை வாரிக்கொண்டு போனார்கள். அவர் வீரர் இல்லை, பயந்த மனிதர். பயந்தபடியே, செதுக்குவதை மட்டும் மாற்றிக்கொள்ளாத மனிதர். எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாது என்றால் அதுவும் சரிதான்.

1914 விஷயம் வேறு. அதுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை என்பேன். 1915 கடைசியில் அவரையே படையில் சேர்த்து ஸோண்டர்புர்கில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 45 வயது. சில மாதங்களில், நண்பர்களின் சிபாரிசால் வெளியே வந்தார். சண்டையைப் பார்க்கவில்லை. ஆனால் பரவசம் வடிந்துவிட்டது. ஒரு காலத்தில் தானே வாள் ஓங்கியவர் என்பதால்தான் அவர் பின்னால் செய்த நினைவுச் சின்னங்களில் உபதேசம் இல்லை என்று நினைக்கிறேன்.

மாக்டெபுர்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், நான்கில் மிகத் துணிச்சலானது அதுதான். பிரஷ்ய அரசு பேராலயத்துக்காகச் செய்யச் சொன்னது, 1929-இல் முடிந்தது. கருவாலி மரத்தில் ஆறு உருவங்கள். பின் வரிசையில் மூன்று சிப்பாய்கள் நிற்கிறார்கள்: நடுவில் தலையில் கட்டுப் போட்டவன், போர் ஆண்டுகள் பொறித்த சிலுவையைப் பிடித்தபடி, ஒரு பக்கம் மீசை முளைக்காத பையன், மறுபக்கம் வயதான ரிசர்வ் படைக்காரர். முன்னால், கீழே, இடுப்புவரை புதைந்த மாதிரி இன்னும் மூன்று பேர். முக்காட்டுக்குள் முகம் மறைய முஷ்டிகளைச் சேர்த்து இறுக்கிய பெண். நடுவில் இரும்புத் தொப்பி போட்ட எலும்புக்கூடு. இந்தப் பக்கம், விஷவாயு முகமூடி மார்பில் தொங்க, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்.

அந்தக் கடைசி ஆளைத்தான் மன்னிக்க முடியாமல் போயிற்று. ஜெர்மன் சிப்பாய் பயந்து நடுங்குவதா, அதுவும் தேவாலயத்துக்குள்? சத்தம் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. அகற்றச் சொல்லிக் கேட்டதில் பேராலயச் சபை நிர்வாகமே உண்டு. குஸ்ட்ரோவிலும் கழற்றியது மாகாணத் திருச்சபைத் தலைமைதான். எல்லாப் பழியையும் ஹிட்லர் தலையில் போட்டுவிட்டுப் போவது மற்றவர்களுக்கு வசதி.


பரணிக்கரை:

இந்தக் கடைசிப் பத்தியை ஏற்கிறேன். கையெழுத்தைப் பற்றிய என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.


உளிச்சத்தம்:

தாமதமாக வருகிறேன். நான் பேச நினைப்பது தொழில் சம்பந்தப்பட்டது.

பார்லாக் அடிப்படையில் மரச் சிற்பி. மரத்தில் செய்தது ஒன்றே ஒன்று, போனால் போனதுதான். மாக்டெபுர்க் சிற்பம் பிழைத்ததற்கு அதை யாரும் விறகாக்கவில்லை என்பது மட்டுமே காரணம். பெர்லினில் தேசியக் கலைக்கூடத்துக் கிடங்குக்குப் போய், கைமாறி, போர் முடிந்தபின் 1950-களின் நடுவில் அதே பேராலயத்துக்குத் திரும்பியது. அதே மரம், அதே உளித்தடம்.

மிதப்பவர் வெண்கலம். அங்கே கதை வேறு. சிற்பி மண்ணில் செய்ததிலிருந்து பிளாஸ்டர் மாதிரி எடுப்பார்கள். பட்டறை அந்தப் பிளாஸ்டரை வைத்து அச்சு எடுத்து வெண்கலம் ஊற்றும். பிளாஸ்டர் இருக்கும்வரை மறுபடி ஊற்றலாம். குஸ்ட்ரோவில் 1927-இல் தொங்கிய முதல் வார்ப்பை 1937 ஆகஸ்டில் கழற்றினார்கள், பின்னர் உலோகத்துக்காக உருக்கிவிட்டார்கள். ஆனால் பிளாஸ்டர் பெர்லினில் நோவாக் வார்ப்புப் பட்டறையில் கிடந்தது. பார்லாக் இறந்தபின் 1939-இல் நண்பர்கள் ரகசியமாக இரண்டாவது வார்ப்பு ஊற்றவைத்தார்கள். அப்புறம் குண்டுவீச்சில் பிளாஸ்டரும் போயிற்று. ஆக உலகத்தில் மிஞ்சியது அந்த ரகசிய வார்ப்பு மட்டும். போருக்குப் பின் அது கொலோன் நகரின் அந்தோணியார் ஆலயத்துக்குப் போயிற்று, 1952-இல் அங்கே தொங்கவிட்டார்கள். அதிலிருந்து அச்சு எடுத்து மூன்றாவது வார்ப்பு செய்து, 1953-இல் குஸ்ட்ரோவுக்குக் கொடுத்தார்கள்.

இப்போது கேள்வி. குஸ்ட்ரோவில் தொங்குவது அசலா நகலா? பட்டறைக் கணக்கில் அது வார்ப்பிலிருந்து எடுத்த வார்ப்பு. வெண்கலம் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். ஆகவே மூன்றாவது இரண்டாவதைவிட இம்மியளவு சிறியதாகத்தான் இருக்க வேண்டும். விளிம்புகளும் ஒரு படி மழுங்கும். கொலோனில் இருப்பது சிற்பியின் பிளாஸ்டருக்கு ஒரு படி நெருக்கம். சிற்பம் பார்க்க வேண்டுமானால் கொலோன் போங்கள் என்பது என் கட்சி.


அல்லிக்குளம்:

உளிச்சத்தம், உங்கள் கணக்கில் தவறில்லை, ஆனால் அந்தச் சிற்பம் குஸ்ட்ரோவின் அந்த மூலைக்காகச் செய்தது. எங்கே தொங்க வேண்டும், எந்தப் பக்கம் தலை, கீழே என்ன கல் என்று பார்லாக் யோசித்து வைத்தது அங்கேதான். அதோடு கொலோனில் தரைக்கல்லில் 1939–1945 என்றும் சேர்த்திருக்கிறார்கள். நியாயமான சேர்க்கைதான், ஆனால் பார்லாக் வைத்தது இல்லை. இம்மி சுருக்கத்தை நான் பொறுத்துக்கொள்வேன்.


உளிச்சத்தம்:

அக்காவிடம் தோற்பதில் எனக்கு வருத்தமில்லை, ஆனாலும் கொலோன்தான்.


கடைசிபெஞ்ச்:

ரகசியமாக ஊற்றினார்கள் என்கிறீர்கள். இரண்டு மீட்டர் வெண்கலத்தை நாஜி காலத்தில் எப்படி ஒளித்தார்கள்? அதுதான் எனக்கு வேண்டும்.


மரவெட்டி:

இதில்தான் சினிமாக்காரன் யோசிக்க முடியாத ஒரு ஆள் வருகிறார் தம்பி. பெர்ன்ஹார்ட் ப்யோமர்.

இவரும் சிற்பிதான், குஸ்ட்ரோவில் பார்லாக்குக்கு அண்டை வீட்டுக்காரர் மாதிரி. இவர் மனைவி மார்கா, இவரை விட்டுப் பிரிந்து பார்லாக்கின் துணையானார். அதற்குப் பிறகும் ப்யோமர் பார்லாக்கோடு பகைக்கவில்லை, அவருடைய விற்பனை, கடிதப் போக்குவரத்தைக் கவனித்துக்கொண்டார். அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த 'சீரழிந்த' கலையை வெளிநாட்டுக்கு விற்று அந்நியச் செலாவணி சேர்க்க நாஜி அரசு நான்கு வணிகர்களை நியமித்ததே, அதில் ஒருவர் இவர். குர்லிட் என்ற பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும், அவருடைய சகா. அரசாங்கத்தின் ஆளாக இருந்ததால் பறிமுதலான பார்லாக் சிற்பங்களைத் தானே வாங்கிவைக்க இவரால் முடிந்தது. மாக்டெபுர்க் சிற்பமும் அப்படித்தான் இவர் கைக்கு வந்தது. லாபம் பார்த்தாரா, காப்பாற்றினாரா? இரண்டும்தான். 1945 மே மாதம் செம்படை குஸ்ட்ரோவுக்குள் நுழைந்தபோது தற்கொலை செய்துகொண்டார்.

ரகசிய வார்ப்பு ஒளிந்திருந்த இடம் ல்யூனெபுர்க் புல்வெளிப் பகுதியில் ஷ்னேகா என்ற கிராமம். அங்கே ஹூகோ கோர்ட்ஸிங்கர் என்ற கலைஞரின் பட்டறை. கீல் நகரச் சிற்பமும் அங்கேதான் பதுங்கியது. அதைப் பற்றி இன்னும் சொல்லவில்லை: காலடியில் ஓநாய் போன்ற ஒரு மிருகம், அதன் மேல் வாளை நேராக உயர்த்தி நிற்கும் தேவதூதன், 'ஆன்மப் போராளி' என்று பெயர், 1928-இல் பல்கலைக்கழகத் தேவாலயத்து முன் வைத்தது. 1937-இல் இறக்கித் துண்டுகளாக அறுத்தார்கள். உருக்குவதற்கு முன் வாங்கி ஒளித்துவிட்டார்கள். 1954-இல் ஒட்டுப்போட்டு, பழைய தேவாலயம் குண்டுவீச்சில் போய்விட்டதால், புனித நிக்கோலாஸ் ஆலயத்து முன் நிறுத்தினார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஹெர்மான் ரீம்ட்ஸ்மா. ஹாம்பர்க் சிகரெட் முதலாளி. நாஜி ராணுவத்துக்கு சிகரெட் விற்றுக் கொழித்த நிறுவனம். அதே ஆள்தான் 1934-இல் குஸ்ட்ரோவுக்குப் போய், பார்லாக் பாதியில் நிறுத்தியிருந்த ஒன்பது மர உருவங்களின் வரிசையை முடிக்கச் சொல்லிப் பணம் கொடுத்தார். 'கேட்பவர்கள்' என்று பெயர். முதலில் பேத்தோவன் நினைவுச் சின்னத்துக்காக யோசித்தது அது. ஒன்பது பேர் நின்று எதையோ கேட்டுக்கொண்டிருப்பார்கள், எதை என்று தெரியாது. 1935-இல் முடித்தார். எனக்கு அவர் வேலையிலேயே மிகப் பிடித்தது அது, போர் இல்லை, துக்கம் இல்லை, வெறும் காது கொடுத்தல்.


பரணிக்கரை:

சிகரெட் பணம், பறிமுதல் வணிகர்... காப்பாற்றியவர்களின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

ஹாம்பர்க் சின்னத்தை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன். நகரசபைக் கட்டடத்துக்குப் பக்கத்தில், ஆல்ஸ்டர் தண்ணீர் ஓரம், 21 மீட்டர் உயரக் கல் தூண். கட்டட வடிவமைப்பு கிளவுஸ் ஹோஃப்மான், 1931. ஒரு பக்கம், நகரத்தின் நாற்பதாயிரம் மகன்கள் உங்களுக்காக உயிர் விட்டார்கள் என்ற வாசகம். மறுபக்கம் பார்லாக்கின் புடைப்புச் சிற்பம்: துக்கத்தில் ஒரு தாய், அவள் மேல் சாய்ந்து ஒரு குழந்தை. 1938-இல் அதை நீக்கிவிட்டு ஒரு பறவையைப் பொறித்தார்கள், வாசகத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். வாசகம் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை பாருங்கள், தாய்தான் பிரச்சினை. 1949-இல் பறவையை எடுத்துவிட்டுப் பழைய சிற்பத்தை மறுபடி செதுக்கினார்கள்.

அதே ஹாம்பர்க்கில், டாம்டோர் ரயில் நிலையம் பக்கம் 1936-இல் ஒரு போட்டிச் சின்னம் வைத்தார்கள். ரிஹார்ட் குயோல் செய்தது. பெரிய கல் பாளத்தைச் சுற்றி வரிசை வரிசையாக சிப்பாய்கள் அணிவகுத்துப் போவார்கள், எல்லாருக்கும் ஒரே முகம். நாங்கள் செத்தாலும் ஜெர்மனி வாழ வேண்டும் என்ற பொருளில் மேலே வாசகம். அதை இன்றுவரை இடிக்கவில்லை. 1980-களில் ஆஸ்திரியச் சிற்பி ஆல்ஃப்ரெட் ஹ்ர்ட்லிச்கா அதற்கு எதிராகப் பக்கத்திலேயே ஒரு சின்னம் செய்யத் தொடங்கினார், திட்டமிட்டதில் பாதிதான் முடிந்தது. பார்லாக்கைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த அணிவகுப்பைப் பார்த்துவிட்டு நகரசபைப் பக்கம் நடந்து போக வேண்டும். விளக்கவுரை தேவைப்படாது.

இன்னொன்று. நாஜிகள் போனபின் எல்லாம் சுமுகம் என்று நினைக்க வேண்டாம். கிழக்கு ஜெர்மனியில் 1951 டிசம்பரில் கலைக்கழகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. கட்சிப் பத்திரிகைகள் பாய்ந்து பிடுங்கின: வடிவவாதம், நம்பிக்கையின்மை, மக்களுக்கு வழி காட்டாத கலை. நாடகாசிரியர் பிரெக்ட் எழுந்து, ஜெர்மனி கண்ட மிகப் பெரிய சிற்பிகளில் ஒருவர் பார்லாக் என்று எழுதினார். எல்லாச் சிற்பமும் தனக்குப் பிடிக்கும் என்று அவரும் சொல்லவில்லை. இரண்டு அரசுகளுக்கும் சிரிக்கும் தொழிலாளி, நிமிரும் சிப்பாய் வேண்டியிருந்தது. இதைச் சொல்வதால் இரண்டும் ஒன்று என்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கிழக்கில் திட்டினார்கள், உருக்கவில்லை.


மட்டுறுத்துநர்:

கடைசி வரியை ஒட்டி இரண்டு பதிவுகள் இழையை விட்டு விலகி அரசியல் சண்டையானதால் நீக்கியிருக்கிறேன். சிற்பத்தைப் பற்றிப் பேசுங்கள்.


அல்லிக்குளம்:

கிழக்கு ஜெர்மனி என்றதும் இரண்டு நிகழ்ச்சிகள்.

1981 டிசம்பர் 13. மேற்கு ஜெர்மனியின் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் கிழக்குக்கு வந்திருந்தார். பார்லாக் ரசிகர், குஸ்ட்ரோவைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் விரும்பினார். கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனெக்கர் கூட வந்தார். போலந்தில் ராணுவச் சட்டம் அறிவித்ததும் அதே நாள். ஊர் மக்கள் ஷ்மிட்டுக்குக் கை தட்டிவிடக் கூடாதே என்று தெருவெல்லாம் உளவுத்துறை ஆட்கள். கிறிஸ்துமஸ் சந்தையில் வாங்குகிற மாதிரி நின்றவர்களில் பெரும்பாலானோர் அவர்கள்தான். உள்ளூர்க்காரர்களை வீட்டைவிட்டு வரவிடவில்லை. அந்தக் கூத்துக்கு நடுவில் இரண்டு தலைவர்களும் பேராலயத்தில் மிதப்பவருக்குக் கீழே நின்றார்கள்.

அடுத்தது 1989 இலையுதிர்காலம். மாக்டெபுர்க் பேராலயத்தில் திங்கள்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டங்கள். பிறகு ஆயிரக்கணக்கானோர் திரண்ட அந்தக் கூட்டம் முதலில் கூடியது பார்லாக்கின் அந்த ஆறு மர உருவங்களின் முன்னால். யாரைச் சபைக்கு ஒவ்வாதது என்று 1934-இல் வெளியே தூக்கினார்களோ, அவர்கள் முன்னால்தான் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

ஒரு எதிர் உதாரணமும் சொல்கிறேன், சிற்பத்தை எல்லா இடத்திலும் கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. பெர்லினில் நொயே வாஹே நினைவு மண்டபத்தில் 1993-இல் கோல்விட்ஸின் தாயும் இறந்த மகனும் சிற்பத்தைப் பெரிதாக்கி வைத்தார்கள். அசல் 40 சென்டிமீட்டர்கூடக் கிடையாது. கையில் ஏந்திப் பார்க்கும் துக்கத்தை நான்கு மடங்கு ஊதி அரசாங்க மண்டபத்துக்கு நடுவில் வைத்தார்கள். போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானவர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எல்லாரையும் சேர்த்ததால், கொன்றவனும் செத்தவனும் ஒன்றா என்று அப்போதே சண்டை நடந்தது. பார்லாக் யாருடைய பெயரையும் சொல்லாமல் விட்டது 1927-இல் துணிச்சல். அதையே 1993-இல் ஒரு அரசு செய்தால் அது நழுவல். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.


பரணிக்கரை:

இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பதிவு இது, அல்லிக்குளம். கையெழுத்து விஷயத்தையும் இதே கறாரோடு யாராவது எழுதியிருந்தால் நான் முதலிலேயே வாயை மூடியிருப்பேன்.


கடைசிபெஞ்ச்:

எனக்கு ஹாம்பர்க்கில் வேலை விஷயமாக வரும் வாய்ப்பு இருக்கிறது. எதையெதைப் பார்க்கலாம், சுருக்கமாகச் சொல்லுங்கள்.


மரவெட்டி:

நகரசபைப் பக்கத்துத் தூணுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது, எந்நேரமும் பார்க்கலாம். பரணிக்கரை ஐயா சொன்னபடி டாம்டோரிலிருந்து நடந்து வா. யெனிஷ் பூங்காவில் எர்ன்ஸ்ட் பார்லாக் இல்லம், ரீம்ட்ஸ்மாவின் சேகரிப்புக்காக 1962-இல் திறந்தது. 'கேட்பவர்கள்' அங்கேதான், குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்கு. புறநகர் ரயிலில் கடைசிவரை போனால் வேடெல், அவர் பிறந்த வீடு அருங்காட்சியகம்.

லூபெக் போனால் புனித கேத்தரின் ஆலயத்து முகப்பை நிமிர்ந்து பார். பதினாறு உருவங்கள் செய்யச் சொல்லிக் கேட்டார்கள், பிச்சைக்காரர், பாடும் மாணவன், காற்றில் நிற்கும் பெண் என்று மூன்று முடித்ததும் காலம் மாறிவிட்டது. போருக்குப் பின் கெர்ஹார்ட் மார்க்ஸ் இன்னும் ஆறு செய்து சேர்த்தார். எது யாருடையது என்று குறிப்பைப் படிக்காமல் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுது. ராட்ஸெபுர்க்கில் அவர் கல்லறை, அப்பாவுக்குப் பக்கத்தில்.

குஸ்ட்ரோ தூரம், அதற்குத் தனி நாள் வேண்டும். பேராலயம், கெர்ட்ரூட் சிற்றாலயம், ஏரிக்கரையில் அவர் பட்டறை மூன்றும் ஒரே ஊரில். கிளம்பும் முன் மிதப்பவர் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள். 2014-இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு இரவல் போயிருந்தார்.


உளிச்சத்தம்:

இல்லாவிட்டால் கொலோன் இருக்கவே இருக்கிறது.